விருப்பத் திருத்தப் பிரிவு

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு, தனக்குக் குழந்தை வேண்டாம் என்ற விஷயம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத்தான் தெரியவந்தது. அதுவரை வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷமாக அதே நினைப்பு. அந்த நினைப்பில் அவள் விழுங்கிய மாத்திரைகளையும் போட்டுக்கொண்ட ஊசிகளையும் இப்போது யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னது கருத்தரிப்பு மையத்தின் இரண்டாம் எண் கவுண்டரில் இருந்த பெண். அரசாங்கம் நடத்தும் மையம். செலவு கிடையாது, ஆனால் வரிசை உண்டு. பெயரைக் கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் காத்திருந்து, போன வாரம்தான் இவள் நம்பர் வந்திருந்தது. கடையில் அரைநாள் லீவு கேட்டு, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"நம்பர் வந்திருக்கு, சரி. ஆனா உங்களுக்குக் குழந்தை வேண்டாம்னு இருக்கே" என்றாள் கவுண்டர் பெண்.

"யாரு சொன்னா?"

"நீங்கதான்." கவுண்டர் பெண் கம்ப்யூட்டர் திரையை இந்தப் பக்கமாகத் திருப்பினாள். "நாலு வருஷம் முன்னாடி விருப்ப ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு வந்து கேட்டிருக்காங்க. அடுத்த மூன்று ஆண்டுகளில் குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறீர்களா? விடை, இல்லை."

கண்ணாடிக்காரிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. (தெருவில் எல்லோரும் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.) கேள்வி கேட்க வந்த பெண்ணின் கண்ணாடி மூக்கில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. இவள் அதை வாங்கித் திருகாணியை முடுக்கிக்கொண்டே, "ஆமாங்க, வேணும்" என்று சொன்னாள். கூச்சப்பட்டுக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

"நான் ஆமான்னு சொன்னேன்மா."

"இருக்கலாம்க்கா. எனக்கு இல்லைன்னு வருது. வேண்டாம்னு சொன்னவங்களுக்கு வைத்தியம் பண்ணினா நாங்க மாட்டிக்குவோம். அந்த ஆபீஸுக்குப் போய்த் திருத்தி வாங்கிட்டு வாங்க. ஆனா சீக்கிரம் பாருங்க. முப்பத்தெட்டு வயசு முடிஞ்சா நம்பர் தானா விழுந்துடும்."

முப்பத்தெட்டு முடிய இன்னும் நாற்பத்தொரு நாள் இருந்தது.

விருப்ப ஆபீஸ் என்று ஜனங்கள் சுருக்கமாகச் சொல்வதன் முழுப் பெயர், மணமான மகளிர் மகப்பேற்று விருப்பப் பதிவு மற்றும் பிற்கால ஒப்பீட்டு ஆய்வகம். ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தவர்கள் குறைவு. நான்கு மாடிக் கட்டடம். நுழைந்ததும் சுவரில் பெரிய எழுத்தில், "நீங்கள் சொல்வதே நடக்கிறது" என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு பலகை: இந்த ஆண்டு விருப்பமும் விளைவும் ஒத்துப்போன அளவு, நூற்றுக்கு நூறு. போன ஆண்டு, நூற்றுக்கு நூறு. அதற்கு முந்தைய ஆண்டும் அதேதான்.

திருத்தப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள், டோக்கன் இயந்திரம், ஓடாத ஒரு மின்விசிறி. மேசைக்குப் பின்னால் முழுக்கைச் சட்டை போட்ட எழுத்தர். மரியாதையான மனிதர், அதைக் குறை சொல்ல முடியாது. அவளுடைய பழைய படிவத்தை ஐந்தே நிமிஷத்தில் எடுத்துவிட்டார்.

"ஆமான்னுதான் சொல்லியிருக்கீங்க. மூலப் படிவத்துல தெளிவா இருக்கு" என்றார்.

கண்ணாடிக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதத்தாங்க நானும் சொல்றேன்."

"மூணு வருஷம் கழிச்சு வந்து பார்த்தோம். குழந்தை இல்ல. அதனால திருத்திட்டோம்."

"எதைத் திருத்தினீங்க?"

"விடைய." எழுத்தர் அவளை வியப்பாகப் பார்த்தார். "குழந்தைய எப்படிங்க திருத்த முடியும்?"

கடையில் ஒரு லென்ஸைத் தப்பான கோணத்தில் வெட்டிவிட்டால் அந்த லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வெட்டுவார்கள். லென்ஸுக்குத் தக்கபடி வாடிக்கையாளரின் கண்ணைத் திருப்புவதில்லை. இதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் இவர் அதையும் எழுதிக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது.

"வேணும்னு நெனச்சும் நடக்காம போகலாம் இல்லைங்களா?"

"எப்படிங்க? நிஜமாவே வேணும்னு நெனச்சிருந்தா நடந்திருக்குமே. நடக்கலைன்னா உள்ளுக்குள்ள வேண்டாம்னு இருந்திருக்கு. உங்களுக்கே தெரியாம இருந்திருக்கலாம். அதனாலதான் நாங்க உதவி பண்றோம்."

"இருந்துச்சுங்க" என்றாள் அவள்.

"என்ன இருந்துச்சு?"

"குழந்தை. நாலு மாசம்."

எழுத்தரின் பேனா நின்றது. அவருக்கும் மனசு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. படிவத்தின் கட்டங்களில் மேலிருந்து கீழாகப் பேனாவை ஓட்டிப் பார்த்தார். பிறகு கீழிருந்து மேலாக ஓட்டினார். "பிறந்துதுங்களா?"

"இல்ல."

"அப்போ நடக்கலைன்னுதான் வருது. இதுக்குன்னு கட்டம் இல்லைங்க. வருத்தமாத்தான் இருக்கு."

அந்த மேசையைக் கவிழ்த்துவிட வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அந்த நாலு மாசமும் பஸ்ஸில் நின்றுகொண்டு வரமாட்டாள், கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் அதிர்வு வயிற்றில் படக்கூடாதென்று ஒரு கை தூரம் தள்ளி நின்றே வேலை செய்தாள். அது நடக்கவே இல்லை என்கிறார் இந்த மனிதர், அதையும் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்.

"சரிங்க, என் 'ஆம்'-ஐ எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"அது இப்ப உங்ககிட்ட இல்லையே." எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு இடத்துல 'ஆம்' எடுத்தா இன்னொரு இடத்துல குடுத்துடணும். நாட்டோட மொத்த விருப்பம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உங்க கோப்பு ஜோடிக் கோப்பு. உங்க 'ஆம்' அவங்களுக்குப் போயிருக்கு." இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைக் கைகாட்டினார். "அவங்களும் இதே விஷயமாத்தான் வந்திருக்காங்க."

அங்கே உட்கார்ந்திருந்தவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். மடியில் ஒன்றேகால் வயசுக் குழந்தை. அவளுடைய கதை கண்ணாடிக்காரியின் கதையை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டது போல இருந்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். நாலு வருஷம் முன்னால் கேட்டபோது, "இனிமே வேண்டவே வேண்டாம்" என்று சொல்லியிருந்தாள். சொன்னதோடு நிற்காமல் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்கும் போனாள். முதல் தடவை டாக்டர் லீவு. இரண்டாம் தடவை தேதி இல்லை. மூன்றாம் தடவை போனபோது, ஏற்கெனவே உண்டாகியிருக்கிறாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குழந்தை பிறந்ததும் விருப்ப ஆபீஸ் அவளுடைய 'இல்லை'யை 'ஆம்' என்று திருத்தி, வாழ்த்து அட்டையும் அனுப்பியது.

"இப்ப ஆபரேஷன் பண்ணிக்கப் போனா, நீ ஆசைப்படறவ, ஒனக்கு எப்படிப் பண்றதுங்கறாங்க" என்றாள் இஸ்திரிக்காரி. "இந்த ஆசை இன்னும் பதினாலு மாசத்துக்குச் செல்லுமாம். அதுக்குள்ள நாலாவது வந்தா நான் எங்க போவேன்? காலையில அஞ்சு மணிக்கு நிக்க ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் நிக்கறேன். கால் ரெண்டும் வீங்கிப்போகுது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒன்றாக எழுந்து மேசைக்குப் போனார்கள்.

"இவங்ககிட்ட இருக்கற 'ஆம்'-ஐ எனக்குக் குடுங்க. என்கிட்ட இருக்கற 'இல்லை'ய இவங்களுக்குக் குடுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறோம். மொத்தம் மாறாது" என்றாள் கண்ணாடிக்காரி.

எழுத்தர் இதைக் கவனமாகக் கேட்டார். நல்ல யோசனை என்றுகூடச் சொன்னார். விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைப் புரட்டிப் படித்தார். பிறகு மூக்கைச் சொறிந்தார்.

"மாத்தலாம். ஆனா விருப்பத்த மாத்தினா விளைவும் கூடவே மாறணும். இல்லைன்னா ஒத்துப்போகாது." குழந்தையை ஒரு தடவை பார்த்தார். "அதாவது, இது இவங்ககிட்டப் போகணும். அதுக்கு எங்ககிட்ட படிவம் இல்ல. அது வேற துறை."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இஸ்திரிக்காரி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். வேண்டாமென்று சொன்ன பிள்ளைதான், ஆனாலும் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு மேலதிகாரிக்கு மனு எழுதுவதற்குக் கை வேண்டியிருந்ததால், "கொஞ்சம் வச்சுக்கோக்கா" என்று கண்ணாடிக்காரியிடமே கொடுத்தாள். குழந்தை இவள் கழுத்தில் முகத்தை அழுத்திக்கொண்டு பேசாமல் இருந்தது. இவளுக்குத் தாங்கவில்லை. மனு சீக்கிரம் முடிய வேண்டும் என்றும் முடியவே கூடாது என்றும் இரண்டும் ஒரே சமயத்தில் தோன்றியது. எந்தக் கட்டத்தில் எழுதுவார்களோ இதை.

மனு துணை இயக்குநருக்குப் போக ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் அவர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, சுழலாமல் பேசினார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா கொஞ்சம் பெரிசா யோசிச்சுப் பாருங்க. வெளிநாட்டுலயும் இந்த மாதிரி ஆய்வெல்லாம் பண்றாங்க. கல்யாணமான பொம்பளைங்ககிட்ட வேணுமா வேண்டாமான்னு கேக்கறாங்க, சில வருஷம் கழிச்சு மறுபடி போய்ப் பாக்கறாங்க. வேணும்னவங்க சில பேருக்கு இல்ல, வேண்டாம்னவங்க சில பேருக்கு இருக்கு. அவங்க என்ன பண்றாங்க? ஏன் இப்படின்னு உக்காந்து மண்டைய ஒடச்சுக்கறாங்க. உடம்பா, புருஷனா, வேலையா, ஆஸ்பத்திரி தூரமான்னு பக்கம் பக்கமா எழுதறாங்க. நாங்க மண்டைய ஒடச்சுக்கல. திருத்திட்டோம். முதல் வருஷமே நூத்துக்கு நூறு. இப்ப அவங்க இங்க வந்து எப்படிப் பண்ணினீங்கன்னு கேக்கறாங்க."

"நீங்க சொன்னீங்களா சார்?" என்று கேட்டாள் இஸ்திரிக்காரி.

"இதெல்லாம் சொல்ற விஷயமாம்மா?"

"ஆனா அது உண்மை இல்லையே சார்" என்றாள் கண்ணாடிக்காரி.

"உண்மைன்னு போனா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எங்களுக்கு வேண்டியது ஒத்துப்போகணும், அவ்வளவுதான்." மனுவின் மேல் பச்சை மையில் ஏதோ எழுதினார். "சரி, உங்க திருப்திக்கு ஒண்ணு பண்றேன். வீட்டுக்கு ஆள் அனுப்பறேன். நிஜமாவே குழந்தை வேணும்னு நெனைக்கற வீடா, இல்லையான்னு பார்த்துட்டு வரட்டும். வேணும்னு தெரிஞ்சா மறுபடி யோசிக்கலாம்."

ஆட்கள் வருவதற்குள் இன்னும் பதினொரு நாள் ஓடிவிட்டது. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அளப்பவர், இன்னொருவர் எழுதுகிறவர். கண்ணாடிக்காரியின் வீட்டில் இரண்டு அறை. உள்ளறையில் ஒரு பக்கம் மாமியாரின் கட்டில், இன்னொரு பக்கம் கணவனின் சாமான்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பழைய கம்பிவடம், பொத்தான் பலகை, உருளை என்று ஒரு மூலை நிறைய வைத்திருப்பான். அளப்பவர் அந்த மூலையை அளந்தார். எழுதுகிறவர், "குழந்தைக்கென இடம் ஒதுக்கப்படவில்லை. லிஃப்டுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது" என்று எழுதினார்.

"குழந்தை வந்தா எடுத்துடுவேங்க" என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

"ஆண்களுக்குக் கட்டம் இல்லைங்க. நீங்க பேச வேண்டாம்."

"குழந்தை எனக்கும்தானே சார்?"

"அது பிறந்ததுக்கப்புறம். விருப்பத்துல நீங்க வரமாட்டீங்க."

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை. மருமகளை ஏழு வருஷமாக மாசத்துக்கொரு தடவை கரித்துக் கொட்டுகிறவள் அவள். "என்னைக் கேளுப்பா. எனக்கு ரெண்டு வேணும். ஒண்ணுன்னாலும் சரி" என்றாள்.

எழுதுகிறவர் அதைக் குறித்துக்கொண்டார். மாமியார் விருப்பத்துக்குத் தனிப் படிவம் இருந்தது. அது ஏற்கெனவே தடிமனான கட்டாக இருந்தது.

அடுத்து அலமாரியைத் திறக்கச் சொன்னார்கள். "சின்னத் துணி, தொப்பி, விளையாட்டுச் சாமான் ஏதாவது வாங்கி வச்சிருக்கீங்களா?"

"வச்சிருந்தேன். குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"கடையில கூட வேலை செய்யறவளுக்கு. என்னோடது நாலு மாசத்துல போன மறுமாசம்."

எழுதுகிறவர் எழுதியதை அவள் தலைகீழாகவே படித்துவிட்டாள். கண்ணாடிக் கடைக்காரிக்கு எந்தப் பக்கமிருந்தும் எழுத்து தெரியும். "தயாரிப்புப் பொருள்களைத் தாமாகவே முன்வந்து அகற்றியுள்ளார்" என்று இருந்தது.

அவர்கள் போனபிறகு மாமியார் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். "நாலு மாசம்னு என்கிட்ட நீ சொல்லவே இல்லையே. நாள் தள்ளிப்போச்சுன்னுதானே சொன்னே" என்றாள். "சொன்னா என்ன ஆகியிருக்கும் அத்தை" என்றாள் இவள். அந்த மாசம் அவள் மருமகளைக் கரித்துக் கொட்டவில்லை.

மீதி நாட்களும் போயின. ஒவ்வொரு நாளும் கடையிலிருந்து விருப்ப ஆபீஸுக்குப் போன் போட்டாள். "மேசையில இருக்கு" என்பார்கள். யார் மேசை என்று கேட்டால், "அது மேசைக்குத்தான் தெரியும்" என்றார் ஒருவர். அவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் போலிருக்கிறது. கடைசி ஒரு வாரத்தில் அவள் மூன்று லென்ஸை உடைத்தாள், ஒருவருக்கு இடது கண்ணின் பவரை வலது கண்ணுக்குப் போட்டாள். முதலாளி அன்றிலிருந்து அவள் வெட்டும் ஒவ்வொரு லென்ஸையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

முப்பத்தெட்டு முடிந்த அன்று மையத்துக்குப் போனாள். கவுண்டர் பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நம்பர் விழுந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு பண்ணலாம்க்கா. தாமதம் உங்களால இல்ல, அவங்களாலதான்னு அந்த ஆபீஸ் இயக்குநர் ஒரு கடுதாசி குடுத்தா, முப்பது நாள் வரைக்கும் ஏத்துக்குவோம்."

இயக்குநரைப் பார்ப்பது எப்படி என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆபீஸிலிருந்தே ஒரு கடிதம் வந்தது. மனுவுக்குப் பதில் அல்ல, அழைப்பிதழ். ஆய்வகத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு விழாவில் அவளுக்கு 'விருப்ப உறுதி' விருது கொடுக்கப் போகிறார்கள். வேண்டாம் என்று சொல்லி, சொன்னபடியே பெற்றுக்கொள்ளாமல் இருந்த பெண்களுக்கான விருது. இயக்குநர் தம் கையால் வழங்குவார்.

"கிழிச்சுப் போடு" என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

"போய்த்தாங்க ஆகணும். வேற எங்க அவரப் பாக்கறது? ஒரு கையெழுத்துதானே, மேடையிலயே கேட்டுடறேன்."

விழா நடந்தது ஆபீஸின் தரைத்தள மண்டபத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு. வாசலில் ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். வருகைப் பதிவு என்று நினைத்து அவளும் போட்டாள். உள்ளே முந்நூறு பேர். முதல் வரிசையில் இஸ்திரிக்காரி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு 'விரும்பிப் பெற்ற தாய்' விருது. "வரலைன்னா ஆபரேஷன் மனுவத் தள்ளிடுவோம்னாங்க" என்று காதோடு சொன்னாள்.

இயக்குநர் பேச எழுந்தார். நல்ல குரல், கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காரும்படியான குரல்.

"இந்த ஆய்வகம் தொடங்கியபோது நாட்டின் நிலை என்ன? ஒரு பெண் ஒன்று நினைப்பாள், வேறொன்று நடக்கும். அவள் விரும்பியது கிடைக்காமல் ஏங்குவாள், விரும்பாதது வந்து திணறுவாள். எத்தனை கண்ணீர்! இன்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். நம் ஏடுகளில் ஏங்குகிற பெண் ஒருத்திகூட இல்லை. திணறுகிற பெண்ணும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் நடந்ததையே விரும்பியிருக்கிறாள். சிலர் கேட்கிறார்கள், மருத்துவமனை கட்டலாமே, மருந்து கொடுக்கலாமே என்று. கட்டலாம், கொடுக்கலாம். ஆனால் அதனால் ஒத்துப்போகும் என்று என்ன உத்தரவாதம்? நம் முறையில் ஒரு பேனா போதும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு இவளைக் கூப்பிட்டார்கள். ஒருவர் பாராட்டுரை வாசித்தார்: "மாமியார், கணவர், உறவினர் என எத்தனையோ பேரின் நெருக்குதலுக்கு இடையிலும், வேண்டாம் என்ற முடிவிலிருந்து இம்மியும் பிசகாத பெண்மணி." ஒரு கண்ணாடிப் பட்டயத்தைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

மைக் முன்னால் அவள் இதற்குமுன் நின்றதில்லை.

"நான் வேண்டாம்னு சொல்லல. வேணும்னுதான் சொன்னேன். அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். எனக்குக் குழந்தை வேணும். ஒண்ணு வந்துச்சு, நாலு மாசம் இருந்துச்சு, போயிடுச்சு. நான் ஆசைப்பட்டேன்னு ஒரு காகிதத்துலயாவது இருக்கணும். சார் ஒரு கடுதாசி குடுத்தா எனக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு."

முதல் வரிசையில் இஸ்திரிக்காரி மட்டும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இயக்குநர் மெதுவாகக் கைதட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் தட்டினார்கள். "இவ்வளவு ஆசையை அடக்கிக்கொண்டா உறுதியாக நின்றிருக்கிறார், பாருங்கள்" என்றார் அவர் மைக்கில். மைக்கை மூடிக்கொண்டு அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: "வாசல்ல கையெழுத்துப் போட்டீங்களேம்மா, விருத ஏத்துக்கறேன்னு. விருத ஏத்துக்கிட்டா விடையையும் ஏத்துக்கிட்ட மாதிரிதான். தப்பே நடக்காதப்ப தாமதத்துக்கு நான் எப்படிக் கடுதாசி குடுக்கறது?"

அவ்வளவுதான். இரண்டு வருஷ வரிசையும் ஐம்பத்தைந்து நாள் அலைச்சலும் அந்த மூன்று வாக்கியத்தோடு முடிந்தன. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் படியிறங்கினாள்.

வெளியே போகும் வழியில் ஒரு மேசை. திருத்தப் பிரிவு எழுத்தர் அதே முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்து, போகிறவர்களிடம் விழாவைப் பற்றிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்மா. ரெண்டே கேள்விதான். இந்த விழாவுக்கு வர உங்களுக்கு விருப்பம் இருந்துச்சுங்களா?"

"இல்ல."

எழுத்தர் 'இல்லை' என்று எழுதினார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா வந்திருக்கீங்களே" என்றார். 'இல்லை'யின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'ஆம்' என்று எழுதினார்.

அந்தக் கோட்டை அவள் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. கட்டைவிரல் நகத்தளவு நீளம்கூட இல்லை. கண் சிமிட்டும் நேரத்தில் போட்டுவிட்டார்.

"நான் சொன்னத எழுதுங்க" என்றாள்.

"எழுதினேனேங்க. முதல்ல நீங்க சொல்றத எழுதுவோம். அப்புறம் நடந்தத எழுதுவோம்."

கண்ணாடிக்காரி அங்கேயே அழுதுவிட்டாள். மேடையில் வராத அழுகை, மையத்தின் கவுண்டரில் வராத அழுகை, நாலு மாசத்தில் அது போன அன்றைக்குக்கூட முழுசாக வராத அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். எழுத்தர் மரியாதையாகக் காத்திருந்தார். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் இரண்டாவது கேள்விக்குப் போனார். விழா எப்படி இருந்தது என்பது கேள்வி. அதை அவளிடம் கேட்கவில்லை. ஈரமான அவள் முகத்தைப் பார்த்து, "ஆனந்தக் கண்ணீர்" என்று அழகான கையெழுத்தில் எழுதினார். படிவத்தை அவள் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.

"கீழ ஒரு கையெழுத்து."

அவள் பேனாவை வாங்கினாள். படிவத்தைப் பார்த்தாள். பேனாவின் மூடியைப் போட்டு, அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பட்டயத்தை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

எழுத்தர் வாசல்படி வரை ஓடிவந்தார். "அம்மா, பேனாவக் குடுத்துட்டுப் போங்க. மேசைக்கு ஒண்ணுதான் தருவாங்க."

தெருவில் லிஃப்ட் மெக்கானிக் வண்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எழுத்தர் பக்கம் திரும்பினாள்.

"குடுக்க எனக்கு விருப்பம் இல்ல" என்றாள். "குடுக்கவும் போறதில்ல. ரெண்டும் ஒத்துப்போகுது, எழுதிக்கோங்க."

எழுத்தர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை தடவிக்கொண்டே இருந்தார்.